ஜீனத்தின் பாக்கெட்டில் ஒரு பிளக்

ஸ்பானரை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றுகிறாள், மறுபடி வலது கைக்கு. அம்பத்தூர் எஸ்டேட் பட்டறையில் என் ஹைப்ரிட் வண்டியைச் சுற்றி ஐந்தாவது நடை. டீயைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பாள், பாதியைக் கொட்டுவாள். கேட்டால், "உக்காந்தா காலு மரத்துப் பூடுது சார்" என்பாள் மெக்கானிக் ஜீனத்.

வண்டி வாங்கி ஒரு வருஷமாகியும் அது எப்படி ஓடுகிறதென்று எனக்குத் தெரியாது, வெட்கக்கேடு! அவள்தான் சொன்னாள். "சிம்பிள் சார். டிராபிக்ல ஊந்துகினு போனா மோட்டார் இழுக்கும், சத்தமே வராது. பாலம் ஏறச்சொல்ல நல்லா அமுத்துனா பெட்ரோல் இஞ்சினும் கூட சேந்துக்கும். பிரேக் புட்ச்சா, வீலு மோட்டாரைச் சுத்தவெச்சி கரண்டு எடுக்கும், அது திரும்ப பேட்டரிக்குப் பூடும். நீங்க சார்ஜே போட வாணாம்."

கோளாறு இன்வெர்ட்டரில். பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி அது. அதைக் கழற்றுவது அவள் அண்ணன் அர்ஷத். அதற்கு முன் பேட்டரியிலிருந்து ஆரஞ்சு நிறப் பிளக்கை உருவி, மின்சாரம் இல்லையென்று சோதித்துச் சொல்வது ஜீனத். உருவிய பிறகும் இன்வெர்ட்டருக்குள் தேங்கிய மின்சாரம் வடியப் பத்து நிமிடம் ஆகும். "உள்ள கை வெக்கிறவன் பாக்கெட்லதான் பிளக்கு கெடக்கணும். வேற எவனாச்சும் திருப்பி மாட்டிட்டா?" அர்ஷத் கை வைக்கும்வரை அது அவள் பாக்கெட்டில். தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஒரு நிமிடம் சும்மா இருக்கத் தெரியாதவளுக்குப் பத்து நிமிடக் காவல்!

ஏழாவது நிமிடத்தில் மேலாளர் செல்வகுமார் வந்துவிட்டார். ஜீனத்தின் ஆறு மாதத் தற்காலிக வேலை மறுநாளோடு முடிகிறது. "இன்னா ஜீனத், இன்னும் சுத்திகினு கீற? சாரு ஏர்போர்ட் போவணும். இன்னிக்கும் லேட்டுன்னா உன்னை பர்மனென்ட் பண்ணச் சொல்லி நான் எப்படி எழுதுறது?"

எனக்கும் பொறுமை போய்விட்டது. "ஏழுக்கும் பத்துக்கும் அப்படி என்னம்மா வித்தியாசம்?" என்றேன்.

ஜீனத் நின்றுவிட்டாள். கையுறைகளைக் கக்கத்தில் இடுக்கியபடி காத்திருந்த அர்ஷத்தைக் காட்டினாள்.

"தோ நிக்குது பாருங்க சார் வித்தியாசம். ரெண்டு வருசம் முன்னாடி, வேற பட்டறையில. ஏழு நிமிசத்துல, 'ஆச்சுண்ணா, கைய வை'ன்னு நான்தான் சொன்னேன். கரண்டு அண்ணனைத் தூக்கி எறிஞ்சிச்சு. அதோட வலது கையில ரெண்டு வெரலு மரத்ததுதான்."

"உடு ஜீனத்து, எத்தினி வாட்டி சொல்லுவ" என்றான் அர்ஷத்.

நான் ஏன் வாயைத் திறந்தேன் என்றிருந்தது. "உன் இஷ்டம். அப்புறம் என்னைக் கேக்காத" என்று செல்வகுமார் உள்ளே போனார். அவர் போவதைப் பார்த்தபடியே அவள் பாக்கெட்டை மறுபடி தொட்டுப் பார்த்தாள்.

பத்து ஆயிற்று. அவள் பதினொன்று வரை நின்றாள். ரப்பர் கையுறை போட்டு மீட்டர் வைத்தாள்: பூஜ்யம். மறுபடி வைத்தாள்: பூஜ்யம்.

"இப்ப போண்ணா" என்று பிளக்கை நீட்டினாள். அர்ஷத் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வலது கையால் பையின் பட்டனைத் துழாவினான். வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது. ஜீனத் தன் கையுறையைக் கழற்றிவிட்டு, அந்தப் பட்டனைப் போட்டுவிட்டாள்.