லூ வெந்த ஞாயிற்றுக்கிழமைகள்

இந்தப் பனிநாட்டில், அஜின்கோர்ட் வீட்டில் ஓவனைத் திறந்ததும், தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலையின் வாசம் என்னை டொங்காத் தீவின் கடற்கரைத் தெரு ஒன்றுக்குக் கொண்டுபோய் விட்டது. அப்பா அங்கே பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தார்; எனக்கு ஏழு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலய மணி ஓய்ந்ததும் வீட்டுக்கு வீடு மண்ணைக் கிளறிக் குழியடுப்பைத் திறந்து, லூ என்கிற அந்த இலைப்பொதிகளை வெளியே எடுப்பார்கள். ஆவியும் உப்புக்காற்றுமாகத் தெருவே மணக்க, போகிற வருகிற எல்லாரையும் “ஹவு தௌ கை”, வா சாப்பிடுவோம், என்று வாசலில் இருந்தே கூப்பிடுவார்கள். “மாலோ பே”, வேண்டாம் நன்றி, என்று சிரித்தபடி நடந்துவிடுவதுதான் அங்கத்தைய வழக்கம். அதை எனக்கு யார் சொன்னார்கள்? கூப்பிட்ட வீடெல்லாம் ஏறி, பாயில் சப்பாணி கட்டி இருந்து, விரல் சூப்பிச் சாப்பிட்டேன்.

ஞாயிறுகளில் நான் சோற்றைத் தொடாத காரணத்தைத் தேடி, அம்மா ஒருநாள் பின்னால் வந்து பிடித்துவிட்டார்.

“அவை மரியாதைக்குக் கூப்பிடுகினம். நீ போய் இருக்கிறதே பிள்ளை?”

வீட்டுக்காரி சிரித்துக்கொண்டு அம்மாவுக்கும் ஒரு பொதியை அவிழ்த்தாள். ஏசிக்கொண்டே அம்மாவும் பாயில் இருந்தார்.

அந்தத் தெருவைக் கடல் எடுத்துவிட்டதாம். ஓவனை மூடிவிட்டு வாசல் கதவைத் திறந்தேன். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்தவர் சவளால் ஸ்னோ தள்ளிக்கொண்டு நின்றார்.

“வாங்கோ அண்ணை, சாப்பிடுவம்” என்றேன், மரியாதைக்கு.

அவர் சவளைச் சுவரில் சாத்திவிட்டு வந்து, எங்கள் வாசலில் சப்பாத்தைக் கழற்றினார்.