பையை ஒருமுறைதான் மறக்கலாம்

கள்ளக்குறிச்சியில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்த ஒருவர், முகூர்த்தம் இல்லாத மாதங்களில் இயந்திரம் சும்மா கிடக்கிறதே என்று பொம்மைத் தொழிலில் இறங்கினார். அவரிடம்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். தமிழ் பி.ஏ. முடித்திருந்தேன். பிழையில்லாமல் எழுதுவேனா என்று மட்டும் கேட்டார். பொம்மைப் பெட்டிகளின் மேல் வாசகம் எழுத வேண்டும், அட்டை விளையாட்டுகளை யோசித்து அவற்றுக்கு விதிகள் எழுத வேண்டும். இப்படியொரு வேலை உலகத்தில் இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. விசாரித்தவர்களிடம் அம்மா "அச்சாபீஸ்ல இருக்கா" என்று சொல்லி முடித்துக்கொள்வாள்.

முதலாளிக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. எந்தப் பெட்டியானாலும் அதன் மேல் 'அறிவை வளர்க்கும்' என்று போட்டிருக்க வேண்டும். போடாத பெட்டியைத் தாய்மார்கள் தொடமாட்டார்கள் என்பார். ஆறு மாதக் குழந்தைக்கான கிலுகிலுப்பைக்கு 'பொது அறிவை வளர்க்கும்' என்று எழுதினேன். தண்ணீர்த் துப்பாக்கிக்கு 'விஞ்ஞான அறிவை'. ஊதலுக்கு எழுதும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. பிறகு அதற்கும் எழுதினேன்.

இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக மறியல் நடந்த வருடங்கள் அவை. எந்த நாளில் எந்தச் சாலையில் மரம் சாய்ந்து கிடக்கும் என்று சொல்ல முடியாது. காலையில் பஸ் ஏறியவர்கள் பாதி வழியில் இறங்கி வயல் வரப்பில் நடந்து ஊர் திரும்புவார்கள். இதைப் பார்த்து மற்ற வியாபாரிகள் கவலைப்பட்டார்கள். என் முதலாளிக்கு யோசனை வந்தது.

"ஜனங்க எங்கயும் போவ முடியலம்மா," என்றார். "வூட்ல குந்திக்கினே ஊருக்குப் போற மாதிரி ஒரு ஆட்டம் போடு."

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் கிளம்பி, கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக மலையேறி, நூறாவது கட்டத்தில் வெள்ளிமலையில் முடிகிற ஒரு விளையாட்டைச் செய்தேன். பகடையை உருட்டிக் காயை நகர்த்த வேண்டும். சில கட்டங்களில் நல்லது நடக்கும், சிலவற்றில் கெட்டது. முதலில் நான் போட்டதெல்லாம் நல்லதாகவே இருந்தது. பலாப்பழம் கிடைத்தது, இரண்டு கட்டம் முன்னேறு என்கிற மாதிரி. முதலாளி படித்துவிட்டு, சுகமாகவே போனால் ஆட்டம் எப்படி ஓடும், கொஞ்சம் கஷ்டத்தைச் சேர் என்றார். ஒரு வாரம் கழித்துக் கஷ்டங்களை எழுதிச் சேர்த்தேன். அட்டை வெட்டும் மேசையில் நானும் அவரும் ஒன்பது தடவை விளையாடிப் பார்த்தோம். ஒன்பது தடவையும் அவரே ஜெயித்ததால் ஆட்டத்தில் குறை இல்லை என்று முடிவானது.

பெட்டியின் மேல் 'மறியல் இல்லாத பயணம்! அறிவை வளர்க்கும்!' என்று எழுதியிருந்தேன். முதல் மூன்று சொற்களை முதலாளி பயந்து நீக்கிவிட்டார். நல்லவேளை.

நூற்றைம்பது பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு, மலைக் கடைகளில் போட்டுவிட்டு வரலாம் என்று ஒரு காலையில் இருவரும் கிளம்பினோம். வேனை அவரே ஓட்டினார். கச்சிராயபாளையத்துக்குக் கொஞ்சம் முன்னால் சாலையின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. அதன் மேலும் கீழுமாகப் பதினைந்து இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி வண்டியைத் திருப்பினார். அரை மைல் போவதற்குள் பின்னாலும் ஒரு மரம் விழுந்திருந்தது. இரண்டு மரங்களுக்கும் நடுவில் எங்கள் வேன், ஒரு டவுன் பஸ், ஒரு கரும்பு டிராக்டர், பிறகு காவலுக்கு அனுப்பப்பட்டு சைக்கிளோடு மாட்டிக்கொண்ட ஒரு போலீஸ்காரர்.

ஒரு மணி நேரம் கோஷம் போட்டார்கள். கேட்பதற்கு நாங்கள் மட்டும்தான் இருந்தோம், நாங்களோ ஏற்கெனவே கேட்டுவிட்டோம். கோஷம் தானாகவே ஓய்ந்தது. அவர்களில் மூத்தவர், தோளில் பச்சைத் துண்டு போட்ட ஒரு கரும்பு விவசாயி, வேனுக்குள் எட்டிப் பார்த்தார். பெட்டிகளில் என்ன என்று கேட்டார். ஊருக்குப் போகிற விளையாட்டு என்றார் முதலாளி. எந்த ஊருக்கு என்றார் அவர். வெள்ளிமலைக்கு என்று சொன்னதும், நாங்கள் போக முடியாமல் நிற்பது அந்த ஊருக்குத்தானே என்று கேட்டுச் சிரித்தார். அப்புறம் ஒரு பெட்டியைப் பிரிக்கச் சொன்னார்.

மரத்தின் அடிப்பாகம் மேசை மாதிரி அகலமாக இருந்தது. அட்டையை அதில் விரித்தோம். துண்டுக்காரர், முதலாளி, பஸ் கண்டக்டர் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். நாலாவது ஆளாகப் போலீஸ்காரரை அழைத்தார்கள். உடுப்பில் இருக்கும்போது சூதாடக் கூடாது என்று மறுத்தார். நான் பெட்டியைத் திருப்பி 'அறிவை வளர்க்கும்' என்ற வரியைக் காட்டினேன். அதை இரண்டு தடவை வாசித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

கால் மணி நேரம் நன்றாகப் போயிற்று. பிறகு போலீஸ்காரரின் காய் இருபத்து மூன்றாம் கட்டத்தில் விழுந்தது. 'பேருந்து கிடைத்தது! 31க்குச் செல்.' சென்றார். முப்பத்தொன்றில் 'பையை மறந்துவிட்டாய். 23க்குத் திரும்பு' என்றிருந்தது. திரும்பினார். இருபத்து மூன்றில் பேருந்து கிடைத்தது.

நல்லதை ஒரு வாரமும் கெட்டதை மறு வாரமும் எழுதியதில் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டதை நான் கவனிக்கவேயில்லை. மேசையில் ஆடிப் பார்த்தபோது, போய்ச் சேர்ந்த கட்டத்தில் இருப்பதைப் படிக்காமலே பகடையை அடுத்தவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

போலீஸ்காரர் நிறுத்தவில்லை. முப்பத்தொன்றுக்குப் போனார், இருபத்து மூன்றுக்கு வந்தார். முகத்தில் எந்தச் சலிப்பும் இல்லை. அவருடைய முறை முடியாததால் மற்ற மூன்று பேரும் பகடையைத் தொட முடியவில்லை. பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து சுற்றி நின்றார்கள். போதும் விடுங்கள் என்று கண்டக்டர் சொல்லிப் பார்த்தார். "சட்டத்துல போட்டுக்கீதே, நான் இன்னா பண்றது?" என்றார் போலீஸ்காரர், காயை நகர்த்திக்கொண்டே.

துண்டுக்காரர் நிமிர்ந்து, இதை எழுதியது யார் என்று கேட்டார். முதலாளி ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் என்னைக் காட்டினார்.

ஒருமுறை போய் வந்தால் போதும், அப்புறம் மேலே போகலாம் என்று நான் சொன்னேன். துண்டுக்காரர் மறுத்துத் தலையை ஆட்டினார்.

"வாயால சொன்னா ஆவாது டீச்சர். எங்களுக்கு வாயால சொன்னவங்க ஜாஸ்தி. எழுதிக் குடுங்க."

நான் டீச்சர் இல்லை என்று சொல்கிற நிலைமையில் இல்லை. பேனாவை எடுத்தேன். என்ன எழுதுவது என்பதில் தகராறு வந்தது. எட்டு நிறுத்தம் நிற்காமல் போகிற பஸ் இந்தத் தடத்திலேயே கிடையாது, அந்தக் கட்டத்தையே எடுக்க வேண்டும் என்றார் கண்டக்டர். பையை மறந்தவனுக்குத் தண்டனை வேண்டாமா என்றார் முதலாளி. அவருக்கு அச்சடித்த அட்டையைக் காப்பாற்ற வேண்டும். துண்டுக்காரருடைய மகன் டிகிரி முடித்துவிட்டு மூன்று வருடமாக வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறான் என்று மறியலுக்கு வந்திருந்த ஒரு பெண் என்னிடம் சொல்லியிருந்தாள்.

"பைய மறந்தது அவன் தப்பாவே இருக்கட்டும்," என்றார் கடைசியில். "அதுக்காவ காலம் பூரா ரோட்டுல அலைய வுடக் கூடாது."

'ஒரு ஆட்டத்தில் ஒருமுறைதான் பையை மறக்கலாம்' என்று எழுதி உரக்கப் படித்தேன். ஒத்துக்கொண்டார்கள். போலீஸ்காரர் தாளை வாங்கிப் பார்த்து, கையெழுத்து இல்லை என்றார். போட்டேன்.

அத்தோடு முடியவில்லை. இந்தப் பெட்டிக்கு மட்டும் நியாயம், மற்றதற்கு இல்லையா என்று துண்டுக்காரர் கேட்டார். எல்லாப் பெட்டியிலும் தாள் வைக்காமல் வேன் நகராது என்றார். பஸ்ஸில் கல்லூரிக்குப் போகிற இரண்டு பெண்கள் இருந்தார்கள், நோட்டுப் புத்தகத்தைக் கிழித்துக் கொடுத்தார்கள். எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள், தெரியாதவர்கள் பெட்டியைத் திறந்து மூடினார்கள். மறியலுக்கு வந்தவர்கள், மறிக்கப்பட்டவர்கள் என்று வித்தியாசம் தெரியவில்லை. நூற்றைம்பதிலும் நான் கையெழுத்துப் போட்டேன். டிராக்டர் ஓட்டி வந்தவர் மட்டும் கரும்பு நிழலில் படுத்துத் தூங்கினார். நாலு மணிக்கு யாரோ சைக்கிளில் வந்து, இன்றைக்குப் போதும் என்று தகவல் சொன்னார்கள். தூங்கியவரை எழுப்பி, டிராக்டரில் கயிறு கட்டி மரத்தை இழுத்தார்கள்.

பெட்டிகள் மறுநாள் மலைக்குப் போய்ச் சேர்ந்தன. மூன்று வாரம் கழித்து அச்சாபீசுக்கு ஒருவர் வந்தார். வெள்ளிமலையிலிருந்து வருவதாகச் சொல்லி, நோட்டுத் தாளை நீட்டினார்.

"பை எங்க?"

எனக்குப் புரியவில்லை. பெட்டியோடு ஒரு பை தரவேண்டியது, கம்பெனிக்காரர்கள் ஒருமுறை மறந்துவிட்டார்கள், அதைக் கையெழுத்துப் போட்டு ஒத்துக்கொண்டும் இருக்கிறார்கள் என்று அவர் புரிந்துகொண்டிருந்தார். விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்போ பை எங்கே என்றார். அந்த வாரமே இன்னும் நாலு பேர் வந்தார்கள். முதலாளி வாதாடாமல் கல்யாணங்களுக்கு அடிக்கிற மஞ்சள் பையில் ஆளுக்கொன்று கொடுத்தார். அடுத்த முறை அச்சடித்தபோது பெட்டியின் மேல் 'பை இலவசம்' என்று எழுதச் சொன்னார். அந்த வாசகத்துக்காகவே விற்றது. நான் யோசித்து எழுதிய எதுவும் அப்படி விற்றதில்லை.

போலீஸ்காரரையும் முதலாளி விடவில்லை. லீவு நாட்களில் வந்து புது விளையாட்டுகளைச் சோதித்துத் தரும்படி கேட்டுக்கொண்டார். அவரும் வந்தார். எழுதியதை எழுதியபடியே செய்கிற மனிதரைப் போல ஒரு சோதனை கிடையாது. 'பகடையை நன்றாகக் குலுக்கவும்' என்று நான் எழுதியிருந்த ஒரு வரிக்காக, நன்றாக என்றால் எத்தனை தடவை என்று கேட்டு ஒரு மதியம் முழுவதும் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து என் விதிகளில் 'நன்றாக' என்ற சொல் வருவதில்லை.

துண்டுக்காரர் ஒரே ஒரு தடவை வந்தார். மகனுக்கு வந்த ஒரு அரசாங்கக் கடிதத்தை, ஆட்டத்தின் விதியைப் படித்த மாதிரி உரக்கப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்பதை அது மூன்று விதமாகச் சொல்லியிருந்தது. அவர் கடிதத்தை மடித்து வேட்டியில் செருகிக்கொண்டு, டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பையனுக்கு வேலை கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது.

நான் மேலும் நாலு வருடம் அங்கே இருந்தேன். கடைசியாக எழுதியது ஒரு தகர மேளத்துக்கு. அப்பாக்கள் வாங்கித் தருவார்கள், அம்மாக்கள் ஒளித்து வைப்பார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். முதலாளி படித்துப் பார்த்து முதன்முறையாகச் சிரித்தார். பிறகு சிவப்பு மையை எடுத்து, 'இசை அறிவை வளர்க்கும்' என்று திருத்தி அச்சுக்கு அனுப்பினார்.