மழை கேட்டவள் வீட்டுக் கூரை

நகராட்சியின் வீடு பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் அவளைப் பற்றி இப்படிப் பதிவாகியிருந்தது: "வயது எழுபத்தொன்று. கணவரை இழந்தவர். தனித்து வசிப்பவர். உடல் இயக்கம் மட்டுப்பட்டது. கட்டட வேலை எதையும் சொந்த முயற்சியில் மேற்கொள்ள இயலாதவர்."

வயது சரி. கணவர் ரமோன் இறந்ததும் உண்மை. தினமும் காலையில் காப்பிக்கு வந்து உட்காருகிற நாலைந்து பேரைக் கணக்கில் சேர்க்காவிட்டால் தனியாக வசிப்பதும் உண்மைதான். விவரம் கேட்க அதிகாரி வந்து கதவைத் தட்டியபோது ஹெர்மீனியா எஸ்கலாந்தே கூரைமேல் நின்று, ஏர் கூலருக்குப் புது நார்த்தட்டி மாட்டிக்கொண்டிருந்தாள். ஏணியில் இறங்கி வந்து கதவைத் திறக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அந்த நேரத்தைத்தான் அந்த அதிகாரிப் பெண் "உடல் இயக்கம் மட்டுப்பட்டது" என்று எழுதிக்கொண்டு போனாள். உதவி உண்டு, ஆனால் வரிசையில் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது. கூரை அந்த வரிசையில் நிற்கத் தயாராக இல்லை.

பாலைவனத்து டூசான் நகரத்தில் கூரையைக் கொல்வது வெயில். மழை எப்போதாவது வந்து, பிணத்தை அடையாளம் காட்டிவிட்டுப் போகும். ஹெர்மீனியாவின் வீட்டுக்குத் தட்டைக் கூரை, சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குக் கைப்பிடிச் சுவர். ரமோன் உயிரோடிருந்த வரைக்கும் மே மாதம் தவறாமல் மேலே ஏறி வெள்ளைப் பெயிண்ட் அடிப்பார். இறங்கி வந்து, "இந்த வருஷம் தாங்கும்" என்பார். முப்பது வருஷம் அதே வாக்கியம். முப்பது வருஷமும் தாங்கியது என்பதுதான் கோளாறு.

கூரை போடுகிற ரோகே பராசா வந்து மேலே நடந்து பார்த்தான். கால் வைத்த இடமெல்லாம் ஊறின ரொட்டிபோல் அமுங்கியது. மூத்த பெண்களுக்குரிய 'தோன்யா'வை மரியாதையாகப் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"தோன்யா ஹெர்மீனியா, இது கூரை இல்ல, வெங்காயம். உரிக்க உரிக்க வந்துக்கிட்டே இருக்கும். கடைசில அழுகைதான்."

"அழுகைக்கு எவ்வளவு ஆகும், அதைச் சொல்லு."

"மேலால பெயிண்ட் மட்டும்னா மூவாயிரம் டாலர். ரெண்டு வருஷம் ஓடும்."

"இதையேதான் செத்துப்போன மனுஷனும் சொல்லிக்கிட்டிருந்தாரு. அடுத்தது?"

"எல்லாத்தையும் பேத்துப் போட்டுட்டு, அடிச்சதும் கெட்டியா இறுகிப்போற நுரையைப் புதுசா அடிச்சா பத்தொன்பதாயிரத்து நானூறு. இருபது வருஷத்துக்குக் கவலை இல்ல."

"இருபது வருஷம் கழிச்சு எனக்கு எதுக்குக் கவலை? சரி, பேக்கறதுக்கு மட்டும் எவ்வளவு?"

"அஞ்சாயிரம்."

"அதை நான் பேத்துக்கறேன். மிச்சத்தை நீ பாரு."

ரோகே சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான்.

"ஜூன் மாசம், தோன்யா. இங்க மேல முட்டை பொரிக்கலாம்."

"பொரிச்சு உனக்கும் ஒண்ணு எடுத்து வைக்கறேன். நீ என்னைக்கு வர்ற?"

"இருபதாம் தேதி. தளம் காய்ஞ்சு கிடக்கணும். ஒரு மழை நனைஞ்சாலும் நுரை ஒட்டாது. நான் திரும்பிப் போயிடுவேன். மழைக்காலம் பிடிச்சுக்கிச்சுன்னா அப்புறம் செப்டம்பர்தான்."

ரமோனின் பழைய டிரக்கை விற்ற பணமும் சேமிப்பும் சேர்த்து அவளிடம் பதினைந்தாயிரம் இருந்தது. ரோகேவுக்குப் பதினாலாயிரத்து நானூறு. மீதி அறுநூறுதான் உலகத்தில் அவளுக்கும் தற்செயலுக்கும் நடுவே இருந்த சுவர்.

விடிவதற்கு முன்பே ஏறி, வெயில் உறைக்கும்போது இறங்கினாள். கூட அண்ணன் மகன் ஃபாபியான். நாற்பத்து நாலு வயது, கிடங்கில் வேலை, பேச்சில் பாதி முதுகுவலி.

"அத்தை, என் முதுகு..."

"உன் முதுகைவிட இந்தக் கூரைக்கு வயசு ஜாஸ்தி. அது எப்பவாச்சும் வாயத் திறந்துச்சா?"

"அதான் ஒழுகுதே!"

பெயிண்டுக்குக் கீழே வெள்ளி நிறப் பூச்சு. அதற்குக் கீழே தார்த்தாள், மறுபடி ஒரு தார்த்தாள், கடைசியில் ஜல்லி பதித்த தார். கடப்பாரையால் அவள் நெம்ப, ஃபாபியான் அள்ளி வண்டியில் போட்டான். குப்பைக் கிடங்கின் எடைக்கூலியை அவனே கட்டிவிட்டான், முதுகைப் பற்றிப் பேசியதற்குப் பிராயச்சித்தமாக. தளம் தெரிந்தபோது ஒரு வேடிக்கை. மழை விழுகிற இடமெல்லாம் பலகை திடமாக இருந்தது. மழையே இல்லாத மாதங்களில் வீட்டைக் குளிர்வித்துக்கொண்டு கூலர் உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் நாலு பலகை உளுத்துப்போயிருந்தன. அத்தனை வருஷமாக அது சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. பலகை ஒன்றுக்குத் தொண்ணூறு டாலர். அறுநூறு, இருநூற்று நாற்பதாயிற்று.

இருபதாம் தேதி காற்று. நுரையைக் காற்றில் அடித்தால் பக்கத்து வீட்டுக் கார்களுக்கும் சேர்த்துக் கூரை போட்டதாகிவிடும். ரோகே தொலைபேசியில் அழைத்து இருபத்தைந்து என்றான்.

இருபத்து நாலு, சான் ஹுவான் திருநாள்.

அன்று மாலை மேற்குப் பேட்டை முழுக்கத் திரண்டு, புனிதரின் சிலையைத் தூக்கிக்கொண்டு வறண்ட ஆற்றுக்குப் போய் மழை கேட்கும். ஜெபத்தை முன்னின்று சொல்வது பல வருஷமாக ஹெர்மீனியாதான். அவள் பக்தியில் மற்றவர்களுக்கு மேலானவள் என்று யாரும் சொன்னதில்லை. இருபத்தொன்பது வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவள். அவள் குரல் மைக் இல்லாமல் கடைசி இருக்கைக்குப் போய்ச் சேரும். மழைக்காக ஊரே ஏங்கும் நாளில், வாயைத் திறக்க வேண்டியவளின் வீட்டுக்குத்தான் கூரை இல்லை.

"என்ன கொமாத்ரே," என்றபடி காப்பிக்கு வந்தாள் தெல்ஃபினா. தெல்ஃபினாவின் மகளுக்கு ஹெர்மீனியா ஞானத்தாய். அந்த உறவால் வந்த அழைப்பு அது. இருவருக்கும் நடுவே அதைவிட நெருக்கமான சொல் கிடையாது. "உள்ள வரும்போதே கேட்டுச்சு. இருமிக்கிட்டிருந்தே. உடம்புக்கு என்ன?"

"தூசி."

"தூசியா? ஜெபத்துல 'தாமதியாமல்'னு ஒரு வார்த்தை வருமே, கரெக்டா அந்த இடத்துலதான் தூசி வருது."

ஹெர்மீனியா சர்க்கரையை அவள் பக்கம் நகர்த்தினாள். 'தாமதியாமல் மழையைத் தாரும்' என்பது ஜெபத்தின் கடைசி வரி. அந்த ஒரு சொல்லை மட்டும் இருமலில் விழுங்கிவிட்டால் மழையும் கேட்டதாகும், கூரையும் பிழைக்கும் என்று மூன்று நாளாக ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

"நீயே சொல்லிடேன் இந்த வருஷம்."

"என் குரலுக்கு ஆத்துல இருக்கிற ஓணான்கூடத் திரும்பிப் பார்க்காது."

"இருபத்தஞ்சுக்கு மேல குடுங்கன்னு கேட்டா என்ன தப்பு?"

"அப்பாயின்ட்மென்ட்டா? அவரு புனிதரா, பல் டாக்டரா?" தெல்ஃபினா சிரித்து முடித்துக் கோப்பைக்குள் பார்த்தாள். "மாப்பிள்ளை நேத்து ஆறு மாடு வித்துட்டான். வைக்கோல் விலை கட்டுப்படியாகலையாம்."

"இதை இப்பச் சொல்லணுமா?"

"நான் எங்க சொன்னேன்? காப்பி ஆறிப்போச்சுன்னுதான் சொன்னேன்."

இருபத்து நாலாம் தேதி மாலை ஆற்றுமணலில் கூட்டம் நின்றது. தென்கிழக்கு மலைமேல் மேகம் பூக்கோசுபோல் கட்டியிருந்தது. அது ஒரு வாரமாகத் தினமும் கட்டி, தினமும் கலைந்துகொண்டிருந்த மேகம்தான். ஹெர்மீனியா ஆரம்பித்தாள். முன்வரிசையில் தெல்ஃபினாவின் மாப்பிள்ளை தொப்பியை நெஞ்சில் பிடித்தபடி நின்றான். அவன் அவளைப் பார்க்கவில்லை, மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசி வரி வந்தது. தொண்டையில் இருமலும் தயாராகத்தான் இருந்தது. ஆனால் தனக்கு அவசரம் என்பதற்காக ஒரு நிறுத்தத்தைக்கூடத் தாண்டிப்போகாமல் இருபத்தொன்பது வருஷம் வண்டி ஓட்டியவளுக்கு, ஒரு சொல்லைத் தாண்டிப்போவது நினைத்த அளவு சுலபமாக இல்லை.

"தாமதியாமல்," என்றாள் ஹெர்மீனியா, கடைசி இருக்கைக்குக் கேட்கும் குரலில், "மழையைத் தாரும்."

சாப்பாட்டுக்கு நிற்காமல் வீட்டுக்கு நடந்தாள். அவள் ஏணியில் கால் வைத்தபோது முதல் இடி இடித்தது. பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு தெல்ஃபினா.

"நீ எதுக்கு வர்ற? உன் மாடுதான் பிழைச்சுதே."

"நானும்தானே ஆமென் சொன்னேன். ஏணியைப் பிடி... ஐயோ மாதாவே, கீழ பார்க்காதேன்னு சொல்லித் தொலையேன்!"

கால் மணி நேரம் பெய்தது. திறந்து கிடந்த தளத்தின்மேல் விரித்த தார்ப்பாயின் ஒரு பக்கத்தில் ஒருத்தி, மறுபக்கத்தில் இன்னொருத்தி, இருவரும் அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். வடமேற்கு மூலையைக் காற்று தூக்கியது. அங்கே ரெண்டு பலகை நனைந்து உப்பிவிட்டன. மறுநாள் ரோகே வந்து தொட்டுப் பார்த்து, ரெண்டு நாள் காயட்டும் என்றான்.

"ரெண்டு பலகை, நூத்தி எண்பது டாலர். நல்லா வேண்டிக்கிட்டீங்க தோன்யா!"

"ரெண்டோட நின்னுதேன்னு பாரு."

அந்த ரெண்டு நாளும் ஒரு துளி விழவில்லை. இருபத்தேழாம் தேதி நுரை அடித்து, மேலே வெள்ளைப் பூச்சும் பூசினான். எல்லாம் போக அவள் கையில் மிஞ்சியது அறுபது டாலர்.

நகராட்சியின் பதிவில் அவள் இன்னும் கட்டட வேலை எதையும் மேற்கொள்ள இயலாதவர். அவள் தன் கூரையைத் தானே பேர்த்தாள். அது திறந்து கிடந்த நாளில் ஊருக்காகத் தாமதியாமல் மழை கேட்டாள். மழை வந்தபோது மேலே ஏறித் தார்ப்பாயின்மேல் படுத்துக்கொண்டாள்.