அவரிடம் மட்டும் கேட்ட லைசென்ஸ்

ஓசூரில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்ப்பவன் நான். சான்றிதழ் இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூட உள்ளே விடமாட்டேன்.

வாஷிங் மெஷினைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று என் மனைவி இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "செருப்பு போட்டுக்கிட்டுத் துவை" என்பேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கடைசியில் அவளே எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தாள். பாகலூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்தவர் ஒரு பெண்.

"லைசென்ஸ் வச்சிருக்கியாம்மா?" என்றேன்.

பையிலிருந்து வயர்மேன் லைசென்ஸை எடுத்து நீட்டினார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

மீட்டர் போர்டைத் திறந்தவர் என்னைக் கூப்பிட்டார். "எர்த் வயரு இங்கயே நின்னுடுச்சு சார். மண்ணுக்குப் போகவே இல்ல. வயரிங் பண்ணவர்கிட்டயும் லைசென்ஸ் பாத்தீங்களா?"

குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டார். வயரிங் செய்த ஆளின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆம்பளை, கையில் டெஸ்டர் இருந்தது. எனக்கு அதுவே போதுமாக இருந்திருக்கிறது.

குழி தோண்டி எர்த் கொடுத்து முடித்ததும், "இப்ப தொட்டுப் பாருங்கக்கா" என்றார்.

என் மனைவி செருப்பைக் கழற்றினாள். கையை நீட்டியவள் தொடாமல் அப்படியே நின்றாள்.

"ஒண்ணும் ஆகாது, தொடு" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தொட்டாள்.