ராகு காலத்தில் விற்காத ஷேர்

ஷேர் தரகருக்கும் ஷேர்க்காரருக்கும் மத்தியஸ்தம் செய்வதைப் போல நல்ல பெயரைக் கெடுத்துக்கொள்ளச் சுலபமான தொழில் வேறில்லை. கட்சிக்காரர் வராத வக்கீல்களே, நீங்களும் இதில் மாட்டியிருப்பீர்கள். என் கதையைக் கேட்டுக் கொஞ்சம் ஆறுதல் அடையுங்கள்.

வழக்கு

மயிலாப்பூரில் எங்கள் அடுத்த தெரு வைத்தியநாதய்யர், ரிடையரான தாசில்தார். தியாகராய நகரில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். சுவர் எழும்பிவிட்டது, தளம் போடப் பணமில்லை, மழைக்காலமோ நெருங்கிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை காலை தரகர் காசிம் சாயபுவிடம் போய், தம் மில் ஷேர்களை உடனே விற்கச் சொல்லிவிட்டு வந்தார். சாயபு விற்றது மத்தியானம். அதற்குள் விலை சரிந்துவிட்டது. நஷ்டத்தைச் சாயபுதான் கொடுக்க வேண்டும் என்று ஐயர் குதிக்க, வழக்கு என்னிடம் வந்தது.

எனக்கு ஷேரைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பதால், இரண்டு பேருக்கும் என்மேல் சம நம்பிக்கை. ஏன் தாமதம் என்று சாயபுவைக் கேட்டேன்.

"பத்தரைலேருந்து ராகு காலம் சாமி. அய்யருக்காவத்தான் கம்முனு குந்திக்கினு இருந்தேன்."

விசாரணை

சாயபு பொய் சொல்லவில்லை. முந்தின வருஷம் ராகு காலத்தில் ஐயருக்கு ஒரு ரப்பர் கம்பெனி ஷேர் வாங்கிக் கொடுத்து, அது படுத்துவிட, மாதக்கணக்கில் வசவு வாங்கியவர் அவர். ஐயரும் அதை மறுக்கவில்லை.

சாயபு தோற்றால் நஷ்டம் முழுவதும் அவர் தலையில். ஐயர் தோற்றால் வீட்டுக்குத் தளம் கிடையாது. எனக்கென்னவோ சாயபுவின் மேல்தான் இரக்கம். "நீங்கள் போட்ட சட்டப்படிதானே நடந்திருக்கிறார்?" என்று ஐயரை மடக்கினேன். அவரா மடங்குவார்?

"ராகு காலம் வாங்கறதுக்குத்தான் ஓய்! விக்கறதுக்கு எவன் பார்ப்பான்? சனியன் ஆத்தை விட்டு வெளியிலன்னா போறது!"

தீர்ப்பு

தீர்ப்பை நானும் ராகு காலம் தாண்டித்தான் சொன்னேன். எனக்கும் மனைவி இருக்கிறாள். நஷ்டம் ஆளுக்குப் பாதி என்றேன். நியாயம் பார்த்துச் சொன்னதல்ல, இருவரையும் பகைத்துக்கொள்ளப் பயந்து சொன்னது. சாயபு பெருமூச்சு விட்டுவிட்டுச் சரி என்றார். ஐயர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"பாதித் தளம் போட்டா மழை என்ன பாதிதான் பெய்யுமா?"

கிருகப்பிரவேசம்

ஐப்பசியில் அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தால், பாதி வீட்டுக்குத் தளம், மீதிக்குத் தென்னங்கீற்று. கீற்றைச் சைதாப்பேட்டையிலிருந்து வண்டியில் ஏற்றி அனுப்பியவர் சாயபு, காசு வாங்கவில்லையாம். அதைக் கேட்டதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் சொல்லாத நியாயத்தை அவர் செய்திருந்தார். ஐயரோ வாசலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ தேயிலைக் கம்பெனி ஷேர் வாங்கலாமா என்று யோசனை கேட்டுக்கொண்டிருந்தார்.

பந்தி போடும் நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. கீற்று அங்கங்கே ஒழுகியது. எல்லாரும் தளத்துப் பக்கம் ஓடினார்கள், நானும் ஓடினேன். ஐயர் பரிசாரகரைக் கூப்பிட்டார்.

"மத்தியஸ்தருக்கு மட்டும் இலையைக் கீத்துக்கடியில போடும். அவர் தீர்ப்புல போன பாதி அதுதான்!"

சண்டை போட்டவர்கள் மறுநாளே கூடிக்கொள்வார்கள், தீர்த்துவைத்தவன்தான் நனைந்த சாதம் சாப்பிட வேண்டும்.