சதுரக் கல்லில் காக்கைக்கால்

சொர்ணத்துக்கு வைரம் பிடிக்காது. தி.நகர் நகைக்கடை ஒன்றின் இரண்டாம் மாடியில், வைரப் பிரிவில், இருபத்தாறு வருடம் ஒன்பது மாதம் நின்றதில் வந்த வெறுப்பு அது. கழுவக் கொடுக்கும் மோதிரங்களில் கல்லுக்கடியில் அவள் பார்க்காதது இல்லை. சோப்புக் கசடு, காய்ந்த மஞ்சள், முகப்பவுடர், ஒரு முறை இட்லி மாவு.

"எங்க கோட்டூர்புரம் சாக்கடையே தேவலாம்டி" என்பாள் பக்கத்து கவுன்ட்டர் ஜஹனாராவிடம். "அது நாறுதுன்னு ஒத்துக்கினு நாறுது."

அழுக்கைவிட அவளுக்கு அருவருப்பாக இருந்தது ராசி பார்க்கும் வழக்கம். மோதிரத்தில் பதிப்பதற்கு முன், தெரிந்த குடும்பங்களுக்கு மட்டும் கல்லை மூன்று நாள் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். அதற்குள் கெட்ட கனவு வந்தாலோ பால் திரிந்தாலோ கல் திரும்பிவிடும். கல்லைக் காகிதத்தில் மடித்து, மடிப்பின்மேல் சீட்டு ஒட்டி, எடையும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போடுவது சொர்ணத்தின் வேலை. திரும்பி வந்ததும் பதிவேட்டில் குறிப்பாள். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் 'ராசி இல்லை' என்று இதுவரை நானூற்றுப் பதினோரு முறை எழுதியிருந்தாள். ஒவ்வொரு முறையும் சிரித்த முகத்தோடு.

ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை கயல் வந்தாள். அபிராமபுரத்துப் பெண், இருபத்தெட்டு வயது, அடையாறில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். நிச்சயதார்த்தத்துக்கு எட்டு நாள் இருந்தது. கூட வந்தவர்கள் மாப்பிள்ளை அஸ்வினும் அவனுடைய அம்மா ஜெயலக்ஷ்மியும். திருவான்மியூரிலிருந்து வரும் ஜெயலக்ஷ்மி கடைக்குப் பழைய வாடிக்கை.

உருண்டைக் கற்களைக் கயல் ஒதுக்கிவிட்டாள். "ஒரே மினுமினுப்பு. உள்ள என்ன இருக்குன்னே தெரியல ஆன்ட்டி."

சொர்ணம் சதுரக் கல் ஒன்றை எடுத்து வைத்தாள். நான்கு மூலையும் நறுக்கியிருக்கும். பட்டைகள் ஓரத்திலிருந்து நடுவுக்குப் படிப்படியாக இறங்கும்.

"ஐயோ, கபாலி கோயில் குளத்த மாடிலேர்ந்து பாக்கற மாதிரி இருக்கு!"

"இந்த வெட்டு எதையும் மறைக்காதும்மா. ஊசிமுனை அழுக்கு இருந்தாலும் காட்டிக் குடுத்துடும். அவசரப்படாம பாருங்க."

சொர்ணமும் கயலும் லென்ஸும் கையுமாக, சதுரக் கற்களை ஒவ்வொன்றாக வைத்து நாற்பது நிமிடம் குனிந்திருந்தார்கள். முதல் கல்லுக்குள் வெள்ளை நூல்போல் ஒரு கீறல். இரண்டாவது, மூலையில் லேசாக மஞ்சளடித்தது. மூன்றாவது சதுரமே இல்லை; ஒரு பக்கம் கால் மில்லிமீட்டர் கூடுதல். நான்காவதற்குப் படிகள் இருந்தன, நடுவில் உயிர் இல்லை. ஐந்தாவது, ஒன்று புள்ளி பூஜ்யம் இரண்டு காரட், அடிவரை தெளிந்து கிடந்தது. வெகு காலத்துக்குப் பிறகு சொர்ணத்துக்கு ஒரு கல்லைத் திரும்பவும் பார்க்கவேண்டும் போல இருந்தது.

"வைரம்னா உருண்டையா இருக்கணும்" என்றாள் ஜெயலக்ஷ்மி. "போகட்டும். ராசி பாத்துடலாம்."

திங்கட்கிழமை பதினொன்று இருபதுக்கு ஜெயலக்ஷ்மியும் அஸ்வினும் திரும்பி வந்தார்கள். கயலையும் அவளுடைய அம்மா சந்திரிகாவையும்கூடக் கடைக்கே வரச்சொல்லியிருந்தாள் ஜெயலக்ஷ்மி. வந்ததும் சொர்ணத்தின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். ரோஜா வாசனைக் கிரீம் பிசுபிசுத்தது.

"மனசே சரியில்ல சொர்ணம். சனிக்கிழமை கல்ல வெளிய எடுத்து பால்ல போட்டேன். உள்ள கறுப்பா கீறல், காக்கைக்கால் தோஷம்! மறுநாளே எங்க வீட்டுக்காரர் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டார்." சந்திரிகாவின் பக்கம் திரும்பினாள். "உங்க பொண்ணு கை வெச்சு எடுத்த கல்லு. ராசி அப்படி. நிச்சயதார்த்தம் வேணாம்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. விஷயம் வெளிய தெரிஞ்சா இனிமே உங்க வீட்ல யாரு பொண்ணு எடுப்பாங்கன்னு எனக்கே கவலையாத்தான் இருக்கு."

சந்திரிகா நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள். கயல் நின்றபடியே இருந்தாள்.

சொர்ணம் வெல்வெட் டப்பாவைத் திறந்தாள். பொட்டலம் இருந்தது. மடிப்பின்மேல் சீட்டு இருந்தது. சீட்டில், வியாழன் மாலை நாலு முப்பத்தைந்து என்று அவளே எழுதிய எழுத்தும் கையெழுத்தும் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இருந்தன.

ஜெயலக்ஷ்மி பொய் சொன்னதுகூடப் பெரிதில்லை. அந்தப் பொய்க்காகப் பொட்டலத்தைப் பிரிக்கும் சிரமம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. யார் பார்க்கப்போகிறார்கள் என்ற அலட்சியம். நானூற்றுப் பதினொன்றில் எத்தனை இப்படியோ. பின்னால் மேனேஜர் ஜவஹர் கண்ணால் சாடை காட்டினார்: சிரித்து வாங்கி வை.

"மேடம், இது பிரிக்கவே இல்லியே" என்றாள் சொர்ணம்.

"என்னது?"

"சீட்டு கிழியல. பால்ல போட்டது எந்தக் கல்லு?"

ஜஹனாரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வீட்ல யாராவது திரும்ப ஒட்டியிருப்பாங்க" என்றாள் ஜெயலக்ஷ்மி.

"பிரிச்சா ரெண்டாக் கிழியற சீட்டு மேடம். நீங்களே பிரிச்சுப் பாருங்க."

ஜெயலக்ஷ்மியின் கை நீளவில்லை. கயல்தான் எடுத்தாள். சீட்டு இரண்டாகக் கிழிந்தது. லென்ஸை வைத்து நிதானமாகப் பார்த்தாள்.

"காக்கையும் இல்ல, காலும் இல்ல." லென்ஸைக் கீழே வைத்தாள். "அஸ்வின், வேற பொண்ணு பாத்தாச்சா?"

அஸ்வின் அணைந்து கிடந்த போனைப் பார்த்துக்கொண்டே, "அம்மாதான்..." என்றான்.

"ச்சீ. வேணாம்னா வேணாம்னு சொல்லியிருக்கலாமே. என் தலைல எதுக்கு ராசியக் கட்டினீங்க?"

கயல் கவுன்ட்டரில் விரித்துக் கிடந்த பதிவேட்டைக் காட்டினாள். "ஆன்ட்டி, இந்தக் 'காரணம்'ல என்ன எழுதுவீங்க?"

"வழக்கமா எழுதறத எழுதும்மா" என்றார் ஜவஹர், பல்லைக் கடித்துக்கொண்டு.

சொர்ணம் எழுதினாள்: 'பொட்டலம் பிரிக்கப்படாமல் திரும்பியது. கல்லில் குறை இல்லை.' எழுதி, தேதி போட்டு, பதிவேட்டைக் கயல் பக்கம் திருப்பி வைத்தாள்.

கயல் அதைப் போனில் படம் எடுத்தாள். "சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பணும்மா, எழுந்திரு" என்று சந்திரிகாவின் தோளைத் தொட்டாள். ஜெயலக்ஷ்மி அதற்குள் லிஃப்ட்டுக்குப் போய்விட்டாள்.

"நாளையிலேர்ந்து உனக்கு வேலை கீழ வெள்ளிப் பாத்திரத்துல" என்றார் ஜவஹர்.

"சரி சார்."

"இன்னாக்கா இப்படிப் பண்ட்ட?" என்று ஜஹனாரா கிசுகிசுத்தாள். சொர்ணம் கைகழுவப் போனாள். மோதிரம் கழுவும் திரவத்தால் மூன்று முறை தேய்த்தும் ஜெயலக்ஷ்மியின் ரோஜா வாசனை போகவில்லை. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தவள், ஜஹனாராவிடம் ஸ்பூன் வாங்கித்தான் சாப்பிட்டாள்.