இடம் போயிடும் சார்!

போன வாரம் பார்த்தேன். பக்கத்து வீட்டு ராமநாதன் சார் தன் மனைவி கமலாம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். கவர் போட்டு மூடியிருந்த தன் காரைத் தாண்டி நடந்தார். கேட்டுக்கு வெளியே நின்ற ஆட்டோவில் ஏற்றினார்.

"கார் ரிப்பேரா சார்?"

"சேச்சே... சூப்பரா இருக்கு. எடுத்தா இடம் போயிடும் சார்."

சிரிப்பு வந்தது. ஆனால் அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பட்டினப்பாக்கம் பக்கம் எங்கள் ஹவுசிங் போர்டு குடியிருப்பைக் கட்டிய காலத்தில் வீட்டுக்கு ஒரு சைக்கிள் இருந்தாலே பெரிய விஷயம். இப்போது கார் இல்லாத வீட்டைத் தேட வேண்டும். யாருக்கும் தனி இடம் கிடையாது, முதலில் வந்தவர் நிறுத்திக்கொள்ளலாம். இடம் பிடிக்க உடைந்த நாற்காலி, சிமென்ட் கொட்டிய பெயின்ட் டப்பா என்று எதை வைத்துவிட்டுப் போனாலும் திரும்புவதற்குள் ஓரமாகக் கிடக்கும். அதனால் நல்ல இடம் கிடைத்தவர் வண்டியை எடுப்பதே இல்லை!

கமலாம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. ஆழ்வார்பேட்டையில் பிசியோதெரபி. மடக்க முடியாத காலை ஆட்டோவுக்குள் இழுத்து வைக்கும்போது அவர் முகத்தில் தெரியும் வலியைப் பார்க்கச் சகிக்காது. இந்த வாரம் "நான் வரலை" என்று சொல்லிவிட்டாராம். பயிற்சியை விட்டால் கால் அப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார்.

நான்தான் அசோசியேஷன் செயலாளர். வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் என் தலையில் விழுந்த பதவி. எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"சார், இடம் பெரிசா, அம்மா கால் பெரிசா? நீங்க வண்டிய எடுங்க. வர்ற வரைக்கும் நான் இங்கேயே உக்கார்றேன். போதுமா?"

சனிக்கிழமை காலை கவரைக் கழற்றினார். சாவியைத் திருப்பினார். வண்டி உயிரே இல்லாமல் கிடந்தது. பாட்டரி டவுன்! அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் சேர்ந்து தள்ளினோம். ஒருவழியாக இருமிக்கொண்டு கிளம்பியது. பின் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த கமலாம்மா கையசைத்தார்.

காலி இடத்தில் ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்தி, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மீன் விற்கும் கீழ்வீட்டு வசந்தா நின்று பார்த்தாள்.

"இன்னா சார், தரைய யாராச்சும் தூக்கினு பூடுவாங்களா? காவல் காத்துகினு கீற?"

ஒரு கார் வந்தது. "ஆள் இருக்கு" என்றேன். இன்னொன்று வந்தது. அதை ஓட்டி வந்தவர் எங்கள் குடியிருப்பிலேயே இருக்கும் என் நண்பர். கைக்குழந்தையோடு மனைவி பக்கத்தில். அவரிடமும் அதையே சொன்னேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தெருக்கோடிக்குப் போனார்.

வெயில் ஏறியது. பிசியோதெரபி எப்போதோ முடிந்திருக்க வேண்டும்... ஆளைக் காணோம். காலுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? வண்டி நடுவழியில் நின்றுவிட்டதா? ராமநாதன் சாருக்குப் போன் செய்தேன். கமலாம்மா எடுத்தார்.

"தம்பி, நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயிலுக்கு வந்திருக்கோம். பயிற்சி முடிஞ்சு வெளிய வந்ததும் இவரே 'போலாமா'ன்னார். வண்டி வாங்கினதுலேர்ந்து நான் கேட்டுட்டிருக்கேன்... இன்னிக்குத்தான் கூட்டிட்டு வந்தார்."

"சந்தோஷம்மா. இடத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க, நான் விடலை."

"நீங்க இன்னுமா அங்க உக்காந்திருக்கீங்க? யாருக்காவது குடுத்துடுங்க தம்பி. நாங்க கேட்டுக்கு வெளியே நிறுத்திக்கிறோம். அவ்வளவு தூரம் நான் நடந்துடுவேன்."

போனை வைத்தேன். வெட்கமாக இருந்தது. நண்பரைக் கூப்பிட்டு, "வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துங்க" என்றேன். சந்தேகமாகத்தான் வந்தார்.

இடம் எங்கேயும் போகாது. போக வேண்டியவர்கள் நாம்தான்!